மூக்கால் ஊதும் பலூன்: மூன்று மாதம் பயன்படுத்திப் பார்த்ததில்

ஆறு வயதான எங்கள் மகளுக்கு இரண்டு நடுக்காதுகளிலும் நீர் கோத்திருக்கிறது என்று தெரியவந்தபோது அவளுக்குக் காய்ச்சலும் இல்லை, காதுவலியும் இல்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை, தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறாள் என்பதுதான் எங்கள் குறை. அதைப் பிடிவாதம் என்று எண்ணிச் சில வாரங்கள் அவளைக் கடிந்துகொண்டோம் என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன். செவிப்பறையின் அசைவை அளக்கும் டிம்பனோமெட்ரி சோதனையில் கோடு மேடே இல்லாமல் தட்டையாக வந்தது; அதாவது செவிப்பறை சரியாக அசையவில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்த நீர் தானாகவே வற்றிவிடும் என்பதால் மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்ற மருத்துவர், அதுவரை பயன்படுத்தச் சொன்னது இந்த மூக்குப் பலூனைத்தான்.

பெட்டியில் இருப்பவை ஒரு பிளாஸ்டிக் முனையும் சில ரப்பர் பலூன்களும் மட்டுமே. பலூனை முனையில் மாட்டி, அதை ஒரு நாசியில் அழுத்திப் பிடித்து, மற்ற நாசியை விரலால் மூடி, வாயையும் மூடிக்கொண்டு மூக்கால் மட்டும் ஊத வேண்டும். மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் யூஸ்டேஷியன் குழல் குழந்தைகளுக்குக் குட்டையாகவும் அதிகச் சாய்வின்றியும் இருப்பதால் எளிதில் அடைத்துக்கொள்கிறது; ஊதும்போது உண்டாகும் அழுத்தம் அந்தக் குழலைத் திறந்து, காற்றை உள்ளே செலுத்தி, தேங்கிய நீர் வடிவதற்கு வழிசெய்கிறது.

விளையாட்டுச் சாமான் போன்ற ஒன்றை மருந்தென்று நம்ப எனக்குத் தயக்கம் இருந்தது. அதைப் போக்கியது இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயன் வில்லியம்சன் தலைமையில் நடந்து, 2015இல் கனடிய மருத்துவக் கழகத்தின் இதழில் வெளிவந்த ஆய்வு. 4 முதல் 11 வயது வரையிலான 320 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மட்டும் வழக்கமான கவனிப்போடு நாளுக்கு மூன்று முறை பலூன் ஊதச் செய்தார்கள். ஒரு மாத முடிவில் ஊதியவர்களில் 47.3 விழுக்காட்டினருக்கும், ஊதாதவர்களில் 35.6 விழுக்காட்டினருக்கும் குறைந்தது ஒரு காதிலாவது சோதனை முடிவு இயல்பு நிலைக்குத் திரும்பியிருந்தது; மூன்று மாதத்தில் இவை 49.6, 38.3 என்று இருந்தன. அதாவது ஏறத்தாழ ஒன்பது குழந்தைகள் ஊதினால் கூடுதலாக ஒருவருக்குப் பலன். பெரிய எண் அல்லதான். ஆனால் பெரிய மருத்துவமனைகளில் அல்லாமல் சாதாரணப் பொது மருத்துவர்களின் சிகிச்சையகங்களில், வீட்டில் பெற்றோரே மேற்பார்த்துக் கிடைத்த எண் என்பதால் எங்களைப் போன்றவர்களுக்கு அது பொருந்துகிறது. இதே குழுவினர் 217 குழந்தைகளிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட முந்தைய ஆய்வில், மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு மருந்தால் இந்த நீர்க்கோப்புக்குப் பயனில்லை என்று தெரிந்ததையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஸ்பிரே போதாதா என்று நான் கேட்ட கேள்விக்கு அதுவே விடை.

பயன்பாட்டில் முதல் வாரம் கடினமானது. மகள் கன்னத்தை உப்பிக்கொண்டு வாயால்தான் ஊதினாளே தவிர, மூக்கால் ஊதுவது அவளுக்குப் பிடிபடவே இல்லை. "மூக்குச் சிந்துவது போலச் செய், ஆனால் நிறுத்தாதே" என்று என் மாமியார் சொல்லிக்கொடுத்த பிறகே பலூன் அசைந்தது. புதுப் பலூன் மிகவும் விறைப்பாக இருப்பதால், பெரியவர்கள் முதலில் அதைக் கையால் நன்றாக இழுத்துத் தளர்த்திக் கொடுப்பது நல்லது. உடன் தரப்படும் குறிப்புத்தாளின் பொடி எழுத்தும் மங்கிய படங்களும் ஒரு குழந்தைக்குக் காட்டிக் கற்பிக்க உதவா. தயாரிப்பாளர் இதில் கஞ்சத்தனம் காட்டியிருக்க வேண்டியதில்லை. நண்பகல் முறைக்குப் பள்ளி இடம் தராது என்பதால் காலையில் ஒன்று, பள்ளி விட்டு வந்ததும் ஒன்று, படுக்கும் முன் ஒன்று என்று வகுத்துக்கொண்டோம். ரப்பர் தளர்ந்துபோனால் அழுத்தமும் குறைந்துவிடும் என்பதால் பலூனை அவ்வப்போது மாற்ற வேண்டும். பெட்டியில் உள்ளவை மூன்று மாதத்துக்குப் போதவில்லை.

கடுஞ்சளி பிடித்த ஒரு வாரம் மருத்துவர் சொற்படி நிறுத்தி வைத்தோம். ரப்பர் ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கு இது கூடாது; பலூன் தொண்டையில் சிக்கும் ஆபத்து இருப்பதால் கைக்குழந்தைகள் உள்ள வீட்டில் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். சொன்னதைப் புரிந்து ஊத முடியாத மூன்று வயதுக்கும் குறைந்த பிள்ளைகளுக்கு வாங்குவது வீண்.

மூன்றாம் மாதச் சோதனையில் வலது காதின் கோட்டில் மேடு திரும்பியிருந்தது. இடது காதில் நீர் வற்றியிருந்தாலும் அழுத்தம் இன்னும் குறைவாகவே இருக்கிறது. ஆய்வில் ஊதாத பிரிவிலும் பத்தில் ஏறத்தாழ நான்கு பேர் குணமானார்கள் என்பதால், முழுப் பெருமையையும் பலூனுக்கே கொடுக்க நான் துணியவில்லை. செவிப்பறையில் சிறு துளையிட்டு க்ரோமெட் என்ற சின்னஞ்சிறு குழாயைப் பொருத்தும் பேச்சு இப்போதைக்குத் தள்ளிப்போயிருக்கிறது. இடது காதுக்காக இரண்டாவது பெட்டி வாங்கியிருக்கிறோம்.