1913-க்குப் போன் செய்வதா, எழுதி அனுப்புவதா?

சென்னையில் தெருவிளக்கு எரியவில்லை, ரோட்டில் பள்ளம் என்றால் மாநகராட்சிக்குச் சொல்ல முக்கியமாக இரண்டு வழி: 1913-க்கு போன் போடலாம், இல்லாவிட்டால் 'நம்ம சென்னை' செயலியில் எழுதிப் படத்தோடு அனுப்பலாம்.

போனில் ஒரு வசதி, ஸ்மார்ட்போன் வேண்டாம், டைப் அடிக்கவும் தெரிய வேண்டாம், அம்மாவோ தாத்தாவோ கூடச் சொல்லிவிடலாம். ஆனால் இடத்தை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். "பிள்ளையார் கோயில் தாண்டி இரண்டாவது லெஃப்ட்" என்றால் எந்தப் பிள்ளையார் கோயில்? தெருவுக்கு ஒன்று இருக்கிறதே.

எழுதி அனுப்பினால் அந்தத் தொல்லை குறைவு. பள்ளத்தை யாரும் வார்த்தையில் அளக்க வேண்டாம், பக்கத்தில் ஒரு செருப்பை வைத்துப் படம் எடுத்தால் ஆழம் புரிந்துவிடும். விளக்குக்குப் படத்தைவிட முக்கியம் கம்பத்தில் பெயின்ட்டில் எழுதியிருக்கும் எண்தான், அதைப் பகலிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், ராத்திரி இருட்டில் எங்கே தேடுவது?

எதில் சொன்னாலும் புகார் எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், சில பெரிய சாலைகள் மாநகராட்சியுடையதே இல்லை, நெடுஞ்சாலைத் துறையுடையவை. அங்கே ஆள் மாறும்.

என்னைக் கேட்டால் பள்ளத்துக்கும் விளக்குக்கும் எழுதி அனுப்புவதுதான் சரி. மின்கம்பி அறுந்து தொங்கினால் மட்டும் டைப் அடித்துக்கொண்டு நிற்காதீர்கள், உடனே மின்வாரியத்துக்குப் போன் போடுங்கள்.