திரள் வாதமா, குறைந்தபட்ச உண்மைகளா?

கிறிஸ்தவம் உண்மையா என்று எடைபோடுபவர் முதலில் தடுமாறுவது இங்கேதான்: எல்லாச் சான்றுகளையும் சேர்த்துப் பார்ப்பதா, உயிர்த்தெழுதலை மட்டும் பிடித்துக்கொள்வதா?

பொருள்: தத்துவஞானி ரிச்சர்ட் ஸ்வின்பர்னின் திரள் வாதம், கடவுள் இருப்பதற்கான சான்றுகளாகப் பிரபஞ்ச ஒழுங்கு, மனசாட்சி, சமய அனுபவம் என்று அடுக்கும். கிறிஸ்தவ அறிஞர் கேரி ஹேபர்மாஸின் ‘குறைந்தபட்ச உண்மைகள்’ வழி, உயிர்த்தெழுதலை நிறுவ, சிலுவை மரணம், பவுலின் மனமாற்றம் என ஐயவாத அறிஞர்களும் பெரும்பாலும் ஏற்பவற்றோடு நிற்கும்.

உழைப்பு: முன்னதற்கு மாதக்கணக்கு. பின்னதை, உயிர்த்த இயேசு யார் யாருக்குத் தோன்றினார் என்று பவுல் பட்டியலிடும் 1 கொரிந்தியர் 15:3–8-இல் இன்றே தொடங்கலாம்.

சறுக்கும் இடம்: திரளில், கணக்கு. தொடக்க வாய்ப்பு 1:99 (உண்மை 1, பொய் 99) என்று வையுங்கள். ஒவ்வொன்றும் இந்த விகிதத்தை 2 மடங்காக்கும் மூன்று சான்றுகள் வந்தால் 8:99, அதாவது சுமார் 7.5%தான். அதுவும் சான்றுகள் ஒன்றையொன்று சாராதிருந்தால். மத்தேயுவும் லூக்காவும் மாற்குவைப் பயன்படுத்தியதாகவே பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இந்த மூன்று நற்செய்திகளையும் தனிச் சாட்சிகளாகப் பெருக்கினால் விடை ஊதிப்போகும். இந்தத் தவறு சலிக்கும் அளவுக்குச் சகஜம்.

குறைந்தபட்ச வழியில் சிக்கல் வேறு: கடவுளே இல்லை என்பவருக்கு, உயிர்த்த இயேசுவைச் சீடர்கள் கண்டார்கள் என்பதற்கு அற்புதத்தைவிட மனப்பிரமை எப்போதும் எளிய விளக்கம்.

ஆகவே கடவுளை ஏற்கெனவே ஏற்பவருக்குப் பின்னது போதும். ஏற்காதவர் திரளில்தான் தொடங்கவேண்டும்.