மரப்படகைச் சீரமைக்கக் கொடுப்பவர்களுக்கு: வண்ணம் பூசும் முன் மரத்தைப் பாருங்கள்

என் 12 அடித் துடுப்புப் படகை ஒரு பட்டறையில் சீரமைக்கக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்துப் புதுப் படகு போலத் திரும்பி வந்தது. கேட்ட தொகையை ஒரே தவணையில் கொடுத்தேன். இரண்டாவது ஆண்டில் ஒருநாள் அடிப்பக்கத்தைக் கழுவும்போது, படகின் அடியில் முதுகெலும்பு போல நீளவாக்கில் ஓடும் ஏராக்கட்டையை ஒட்டிய முதல் பலகையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு பெயர்ந்து கையோடு வந்தது. அது மரமே இல்லை. கார்களில் ஒடுக்கு அடைக்கும் பாலியஸ்டர் பட்டி. அது இருந்த குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். பழுப்பு நிறத்தில், சின்னச் சின்னச் சதுரங்களாக வெடித்த ஈர மரம். நசுக்கியதும் தூளாகிவிட்டது.

மக்கிய பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புது மரத்தைச் சரிவாகச் சீவி ஒட்டித் தருவது என்பதுதான் எங்கள் பேச்சு. அவர்கள் மக்கலைச் சுரண்டக்கூட இல்லை, அதன் மேலேயே பட்டியை அப்பி வண்ணம் அடித்துவிட்டார்கள். மரம் தண்ணீரில் ஊறி விரியும், காய்ந்தால் சுருங்கும். பட்டி அப்படி அசையாது, அதனால் என்றைக்காவது பிடி விட்டே தீரும். அதுவரை உள்ளே ஈரம் சிறைப்பட்டு, மக்கல் நிம்மதியாகப் பரவுகிறது.

இதைவிட என்னைக் கொதிக்க வைத்தது பலகை இடுக்குகளில் அவர்கள் செய்த வேலை. பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்துக் கட்டிய படகில், இடுக்குகளில் பஞ்சுத் திரி அடித்து, மேலே மிருதுவான பூச்சு வைப்பார்கள். கலப்பற்று என்று சொல்வது இதைத்தான். தண்ணீரில் இறங்கியதும் பலகைகள் ஊறி விரிந்து பஞ்சை நெருக்கிப் பிடிக்கும், கசிவு தானாக நிற்கும். அந்த விரிவுக்கு இடம் வேண்டும். இவர்களோ பஞ்சைப் பிடுங்கிவிட்டுக் கல்லாக இறுகும் பசையை ஊற்றி அடைத்திருக்கிறார்கள். விரிய இடமில்லாத பலகைகள் பக்கவாட்டில் ஒன்றையொன்று தள்ளின. உள்ளே விலா எலும்பு போல வளைந்து நிற்கும் வங்குகளில் மூன்று, சரியாக வளைவிலேயே பிளந்து நிற்கின்றன. பட்டறைக்குப் போவதற்கு முன் அவை மூன்றும் நல்ல நிலையில் இருந்தவை! பழுது பார்க்கிறேன் என்று படகின் எலும்பை முறித்திருக்கிறார்கள்.

திருகாணிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிலிக்கான் வெண்கலம் என்றுதான் ரசீதில் எழுதியிருந்தது. பட்டறையிலிருந்து படகைத் திரும்ப வாங்கும்போது காந்தம் வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை, நம்பிவிட்டேன். பித்தளையிலும் காந்தம் ஒட்டாது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. இப்போது ஒன்றைக் கழற்ற முயன்றபோது தலை மட்டும் உடைந்து வந்தது, உடைந்த இடம் இளஞ்சிவப்பு. உப்புநீர் பித்தளையிலிருந்து துத்தநாகத்தைத் தின்றுவிட்டால் மிஞ்சுவது அந்தச் சொரசொரப்பான செம்புதான், அதற்கு வலுவே கிடையாது. காந்தத்தை நம்பாதீர்கள். திருகாணியின் உடலை அரத்தால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். மஞ்சளாக மின்னினால் பித்தளை. வெண்கலம் செம்பழுப்பாக இருக்கும்.

பட்டறைக்காரரிடம் போய்க் கேட்டேன். "மரம் என்றால் மக்கத்தான் செய்யும்" என்றார். இந்தப் பேச்சை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் மரத்தில் மக்கல் பூஞ்சை வளராது. ஈர மரத்தை மூடி வண்ணம் அடித்தவர் அவர்.

வேலை நடந்த நாட்களில் நான் இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் முதல் பூச்சு அடித்தாகிவிட்டது என்றார்கள். அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். பழைய வண்ணம் முழுதும் உரித்த பிறகு, புதுப்பூச்சுக்கு முன், நீங்கள் நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். அதுவரை பாதிப் பணத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். கையில் ஒரு குத்தூசி கொண்டு போங்கள். நல்ல மரம் ஊசியைத் தடுக்கும், மக்கிய மரத்தில் அழுத்தாமலே இறங்கும். ஏராக்கட்டையை ஒட்டிய பலகை, அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், பலகைகள் முடியும் நுனி, பின்பலகையின் ஓரங்கள், மழைநீர் தேங்கும் மூலைகள், இங்கெல்லாம் கட்டாயம் குத்திப் பாருங்கள். வெட்டி எடுத்த பழைய பலகைகளையும் கேளுங்கள். உண்மையாக மாற்றியவரிடம் அவை இருக்கும், ஏனென்றால் புதுப்பலகையை வெட்ட அவைதான் அச்சு. நான் கேட்டபோது எரித்துவிட்டோம் என்றார்கள்.

படகு இப்போது கவிழ்த்தபடி என் கொட்டகையில் கிடக்கிறது. ஐந்து பலகைகள் மாற்றியதாக ரசீது சொல்கிறது. வண்ணத்தை முழுதும் சுரண்டிவிட்டு எண்ணினேன். புது மரம் இரண்டே பலகைகள். இரண்டும் நீர்மட்டத்துக்கு மேலே, கண்ணில் படும் இடத்தில்.