வட்ட வேலியா, கயிறா, தீனியா: குதிரையின் நம்பிக்கையை எது பெறும்?

குதிரையில் ஏறும் முன் தரையில் நின்றே அதன் நம்பிக்கையைப் பெற வேண்டும் என்பதில் 'நேச்சுரல் ஹார்ஸ்மேன்ஷிப்' (குதிரையின் இயல்பையும் உடல்மொழியையும் புரிந்து பழக்கும் முறை) ஆட்கள் எல்லாருக்கும் ஒரே கருத்துதான். எப்படி என்பதில்தான் பிரிகிறார்கள்.

கலிபோர்னியாவைச் சேர்ந்த குதிரைப் பயிற்சியாளர் மான்டி ராபர்ட்ஸின் 'ஜாயின்-அப்' பார்க்க அசத்தலாக இருக்கும். சுமார் 50 அடி விட்டமுள்ள வட்ட வேலிக்குள் குதிரையை அவிழ்த்துவிட்டு, அதன் கண்ணை நேராகப் பார்த்தபடி ஓடவிடுவார். கொஞ்ச நேரத்தில் உள்பக்கக் காது அவர் பக்கம் நிலைக்கும், வாய் மெல்லும், தலை தாழும். உடனே பார்வையை விலக்கி உடலைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்வார், குதிரை தானாக அவரிடம் வந்து நிற்கும். 1989-ல் வின்ட்சர் கோட்டையில் இரண்டாம் எலிசபெத் ராணி முன் செய்துகாட்டிய பிறகு இது உலகமெங்கும் பரவியது.

எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. அந்த வேலிக்குள்ளிருந்து குதிரைக்கு வெளியேற வழியே இல்லை. 2012-ல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மனிதருக்குப் பதிலாக ஒரு ரிமோட் காரை வைத்து, குதிரை காரை நோக்கித் திரும்பும்போது துரத்தலை நிறுத்தியே அதை கார் அருகே வரவைத்தார்கள். துரத்தல் நின்ற நிம்மதிதான் அங்கே வேலை செய்தது, அதைப் பாசம் என்று நான் சொல்லமாட்டேன். நிறுத்த வேண்டிய நொடியைப் புதியவர் தவறவிட்டால் குதிரை ஓடி ஓடிக் களைப்பதுதான் மிச்சம்.

அடுத்தது கயிற்றில் பிடித்துப் பழக்கும் முறை. இது டாம் டோரன்ஸ், ரே ஹன்ட் என்ற அமெரிக்கக் குதிரைப் பயிற்சியாளர்கள் வழியில் வந்தது. பாட் பாரெல்லி அதை ஏழு விளையாட்டுகளாக வகுத்தார். ஒரு கயிற்று ஹால்டர் (குதிரையின் தலையில் மாட்டும் கயிற்று வார்), 12 அடிக் கயிறு, இவ்வளவு போதும். முதலில் உடம்பு முழுக்கத் தடவிக்கொடுத்துப் பழக்குவது. அப்புறம் விரல் நுனியால் பின்தொடைப் பக்கம் அழுத்தம்: முதலில் முடியைத் தொடும் அளவு, நகராவிட்டால் தோல், பிறகு தசை, கடைசியாக எலும்பு வரை, ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டும், குதிரை எடையை மாற்றிக் காலைத் தூக்க நினைத்த உடனேயே விரலை எடுத்துவிட வேண்டும். குதிரைக்குப் பாடம் சொல்வது அழுத்தம் அல்ல, அது விலகும் தருணம். கயிறு தளர்வாகத் தொங்கும்போது அது யோசிக்கிறது, நின்று பார்க்கிறது, கேட்டால் வருகிறது. இதிலும் கெடுப்பவர்கள் இருக்கிறார்கள்: பின்னால் போகச் சொல்லிக் கயிற்றை வேகமாக உதறி, கொக்கி தாடையில் அடிக்கும்படி செய்வார்கள், குதிரை தலையை உயர்த்தி விறைத்துப்போகும். அது மிரட்டல், வேறொன்றும் இல்லை.

தீனி கொடுத்து, கிளிக்கர் (அழுத்தினால் 'டிக்' என்று ஒலிக்கும் சின்னக் கருவி) ஒலியோடு பழக்கும் முறை அடிபட்டு மிரண்ட குதிரைகளுக்கு அருமையாகப் பொருந்தும். ஆனால் தீனிப் பையை முட்டும், கையைக் கடிக்கும் பழக்கம் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். அதனால் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, அது முகத்தை நம்மிடமிருந்து திருப்பும்போது மட்டும், கையை நன்றாக நீட்டிக் கொடுங்கள்.

ஆக, வீட்டில் ஒரு குதிரை வைத்திருப்பவர் கயிற்றில் தொடங்கட்டும். மனிதரைக் கண்டாலே நடுங்கும் குதிரை என்றால் முதல் சில வாரம் தீனி, அப்புறம் கயிறு. வட்ட வேலியில் துரத்துவதை கைதேர்ந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் தொடவே வேண்டாம்.

எந்த முறையானாலும், தொட்டாலே காதை மடக்குகிற குதிரைக்கு முதலில் பல், முதுகு, குளம்பு மூன்றையும் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.