பின்சக்கர பேரிங்கை என் கண்முன்னே திறந்தபோது

ஆறு வார விடுப்பில் ஊருக்கு வந்திருந்தபோது, வீட்டில் உள்ள நான்கு சக்கர இயக்க வேனின் பராமரிப்பை நானே உடனிருந்து முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவது என்று தீர்மானித்திருந்தேன். முதலில் விட்ட பட்டறையில் மறுநாளே வண்டியைத் தந்துவிட்டார்கள். நான்கு சக்கரங்களுக்கும், அவை உராய்வு குறைந்து சுழல உதவும் பேரிங்குகளின் கிரீஸை மாற்றியதாகப் பில்லில் எழுதியிருந்தது. ஆனால் வேகம் கூடக் கூடப் பின்புறம் எழுந்த உறுமல் அப்படியே இருந்தது. வலப்பக்கம் வளைக்கும்போது, அதாவது பாரம் இடச் சக்கரத்தின்மேல் சாயும்போது, அது இன்னும் உரத்துக் கேட்டது.

இரண்டாவது பட்டறையின் மூத்த மெக்கானிக், ஜாக்கியில் தூக்கிய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த ஹப்பை யாரும் கழட்டவே இல்லை" என்றார். ஹப் என்பது சக்கரம் பொருந்தும் நடுக்குடம். ஆக்சில் தண்டின் போல்ட்டுகளின் மேல் பழைய சேறு கல்லாக இறுகிக் கிடந்தது. இந்த வண்டியில் பாரத்தைத் தாங்குவது ஹப்பினுள் உள்ள இரண்டு டேப்பர் ரோலர் (கூம்பு வடிவ உருளை) பேரிங்குகள்; ஆக்சில் சக்கரத்தைச் சுழற்ற மட்டுமே செய்கிறது. ஆகவே ஆக்சிலை உருவி, லாக் நட்டைக் கழற்றி, ஹப்பை வெளியே இழுத்தாலொழியப் பேரிங்கில் புதுக் கிரீஸ் வைக்க முடியாது. (ஆக்சிலிலேயே பேரிங்கை அழுத்திப் பொருத்திய வண்டிகளில் முறை வேறு, மூடிய பேரிங் என்றால் தேய்ந்ததும் மாற்றுவதுதான் வழி.)

வெளியே வந்த கிரீஸில் பிசுபிசுப்பே இல்லை. விரலில் நில்லாமல் வழிந்தது, கியர் ஆயிலின் கந்தக நெடியும் வீசியது. காரணம் ஹப்பில் இல்லை, ஆக்சில் கூட்டின் மேலிருந்த பிரீதரில், அதாவது உள்காற்றை வெளியேற்றும் சிறு துவாரத்தில் இருந்தது. அது சேற்றால் அடைபட்டதால், ஓட்டத்தில் சூடேறிய காற்றுக்குப் போக்கிடமின்றி, அந்த அழுத்தம் டிஃப்ரன்ஷியல் (ஆக்சில் நடுவிலுள்ள கியர் தொகுதி) ஆயிலை, அது கசியாமல் தடுக்கும் சீல் வளையத்தைத் தாண்டித் தள்ளியிருக்கிறது. சீல் வளையத்தையும் பிரீதரையும் கவனிக்காமல் கிரீஸை மட்டும் மாற்றியிருந்தால், புதுக் கிரீஸும் அதே கதிக்கு ஆளாகி, ஆயில் பிரேக் ஷூவரை போயிருக்கும்.

பேரிங்குகளை மண்ணெண்ணெயில் கழுவித் துணியால் ஒற்றி உலர்த்தினார். காற்றழுத்தத்தில் சுழற்ற விடவில்லை, ஏனெனில் உயவின்றிச் சுழலும் ரோலர்கள் கீறிக்கொள்ளும். உள் பேரிங்கின் கப்பில் (வெளி வளையம்) நகம் தட்டும் அளவுக்குக் குழிகள் இருந்ததால், கப், கோன் (ரோலர்களோடு கூடிய உள் வளையம்) இரண்டையும் ஜோடியாகவே மாற்றினோம். உள்ளங்கையில் கிரீஸ் உருண்டையை வைத்து, கோனின் அகன்ற விளிம்பால் அதை வழித்து வழித்து, ரோலர்களின் இடுக்குகள் வழியே மறுபுறம் பிதுங்கும்வரை அவர் அழுத்திய பொறுமையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹப்பைச் சுழற்றியபடியே நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, கையேட்டின் அளவுக்கு மீண்டும் வைத்துப் பூட்டினார்.

ஓட்டிப் பார்த்ததில் உறுமல் இல்லை. இறங்கிப் புறங்கையால் இரு பின் ஹப்புகளையும் தொட்டேன். இரண்டிலும் ஒரே அளவான இளஞ்சூடு. தண்ணீரில் இறக்கிய பிறகெல்லாம் பிரீதர் குழாயைப் பார்க்கும்படி வீட்டில் சொல்லி, வேலை நடந்த தேதியையும் கிலோமீட்டரையும் கதவின் உட்புறத்தில் எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்.