கேட்டலாக் எண் அதே, ஆன்டிபாடி வேறு: ஹிஸ்டோன் ஆய்வில் இருப்பவர்கள் கவனத்துக்கு

செல்லுக்குள் டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் புரதம் ஹிஸ்டோன். அதில் ஏறும் வேதிக் குறிகளைத் தேடிப் பிடிக்கும் ஹிஸ்டோன் ஆன்டிபாடியை வாங்கப் போகிறவர்கள் ஆர்டர் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஒரு விற்பனை நிறுவனத்திடம் எங்கள் ஆய்வகம் பட்ட பாடு இது. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை.

எங்களுக்கு வேண்டியிருந்தது, ஹிஸ்டோன் எச்3 புரதத்தின் 27ஆவது இடத்தில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தில் மீத்தைல் என்ற வேதிக் குறி மூன்று ஏறியிருப்பதைக் காட்டும் பாலிகுளோனல் ஆன்டிபாடி. முதலில் வாங்கிய குப்பி குறை சொல்ல முடியாதபடி வேலை செய்தது. அது தீரும் தறுவாயில் அதே கேட்டலாக் எண்ணில் இன்னொன்று வரவழைத்தோம். அதே பெயர், அதே விலை, அதே தகவல் தாள். லாட் எண், அதாவது தயாரிப்புத் தொகுதியின் எண், மட்டும் வேறு. பாலிகுளோனல் என்பது பெரும்பாலும் முயலின் ரத்தத்திலிருந்து எடுக்கும் பல ஆன்டிபாடிகளின் கலவை. ஒரு முயல் போய் இன்னொரு முயல் வந்தால் குப்பிக்குள் இருக்கும் கலவையே மாறிவிடும். விற்பவர்களுக்கு இது தெரியாததல்ல.

புதுக் குப்பியை, புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் அடையாளம் காணும் வெஸ்டர்ன் பிளாட்டில் பார்த்தபோது 17 கிலோடால்டன் எடைக்கு அருகில் ஒரே பட்டை, பளிச்சென்று. தகவல் தாளில் இருந்த படமும் அச்சு அசல் அதுதான். இந்த ஒற்றைப் பட்டையைக் காட்டித்தான் ‘தனித்தன்மை சோதிக்கப்பட்டது’ என்று விற்கிறார்கள். ஆனால் 4, 9, 27, 36 ஆகிய லைசின்கள் எல்லாம் எச்3 என்ற ஒரே புரதத்தில் இருப்பவை. எதில் மீத்தைல் ஏறினாலும் பட்டை அதே இடத்தில்தான் விழும். தவறான லைசினைப் பிடிக்கும் ஆன்டிபாடியும் இதே அழகோடு ஒற்றைப் பட்டை தரும். தெருப் பெயரைச் சரிபார்த்துவிட்டு வீட்டைக் கண்டுபிடித்துவிட்டேன் என்பது போன்ற சான்று அது.

அதிலும் 9ஆவதும் 27ஆவதும் பொல்லாத ஜோடி. இரண்டு இடத்திலும் அமினோ அமில வரிசை ஒன்றே: அலனின், ஆர்ஜினின், லைசின், செரின். இவற்றில் ஒன்றுக்குத் தயாரித்த ஆன்டிபாடி மற்றதையும் பிடிப்பது இந்தத் துறையில் ஊரறிந்த செய்தி. எங்களுக்கு நடந்ததும் அதுவே. 27ஆவது லைசினில் மீத்தைல் ஏற்றும் என்சைம் ஈஇசட்எச்2. அதன் வேலையைத் தடுக்கும் மருந்தில் வளர்த்த செல்களை எடுத்து, பழைய லாட்டின் மிச்சச் சொட்டுகளையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பழையதில் பட்டை மங்கி ஏறத்தாழ மறைந்துவிட்டது. புதியதில் பட்டை கிட்டத்தட்ட அப்படியே நின்றது, அதாவது அது 27ஐ மட்டும் பிடிக்கவில்லை. பிறகு பெப்டைடுகளை, அதாவது குறி ஏற்றிய சிறு புரதத் துண்டுகளை, சொட்டுச் சொட்டாகச் சவ்வில் வைத்து, ஆன்டிபாடி எதில் ஒட்டுகிறது என்று பார்க்கும் டாட் பிளாட் செய்தோம். 27க்கான புள்ளி கறுத்தது, 9க்கான புள்ளியும் கறுத்தது. இதற்குள் ஒரு தொகுதி மாதிரிகள் குரோமாட்டின் இம்யூனோபிரெசிபிடேஷன் (ஹிஸ்டோனில் சுற்றிய டிஎன்ஏவான குரோமாட்டினில், குறி உள்ள பகுதிகளை ஆன்டிபாடியால் பிடித்தெடுப்பது) முடிந்து, அந்த டிஎன்ஏவின் சீக்வென்சிங்கும் ஆகிவிட்டிருந்தன. குரோமோசோமின் இடுப்பான சென்ட்ரோமியரை ஒட்டிய பகுதிகளில், 9ஆவது லைசின் மீத்தைலின் கோட்டையில், ‘27’ குவிந்து கிடந்தது.

படங்களோடு எழுதினோம். முதல் பதில்: இன்னும் நீர்த்துப் பயன்படுத்துங்கள். அடுத்தது: வேண்டாத ஒட்டலைத் தடுக்கும் கரைசலான எங்கள் பிளாக்கிங் பஃபரை வாங்கிப் பாருங்கள். அதற்கடுத்தது: இந்த லாட் எங்கள் தரச் சோதனையில் தேறியது. என்ன சோதனை என்று கேட்டால், செல் சாற்றில் வெஸ்டர்ன் பிளாட், ஒற்றைப் பட்டை! இந்த லாட்டுக்கான பெப்டைடு தரவைக் கேட்டோம். அது உள் ஆவணமாம். தகவல் தாளில் இருக்கும் படம் முந்தைய லாட்டுக்குரியது என்பதும் துருவிக் கேட்ட பிறகுதான் வெளிவந்தது. கடைசியில் பெருந்தன்மையோடு மாற்றுக் குப்பி அனுப்பினார்கள். அதுவும் அதே லாட். சீக்வென்சிங் செலவைப் பற்றிய பேச்சுக்கு, பொறுப்பு குப்பியின் விலையோடு சரி என்ற விற்பனை நிபந்தனையை எடுத்து நீட்டினார்கள்.

இது எங்களுக்கு மட்டும் வாய்த்த துரதிர்ஷ்டம் அல்ல. 2011இல் வெளியான ஓர் ஆய்வில் 200க்கும் மேற்பட்ட ஹிஸ்டோன் ஆன்டிபாடிகளைச் சோதித்தார்கள். 25 சதவீதத்துக்கும் மேல் டாட் பிளாட்டிலோ வெஸ்டர்ன் பிளாட்டிலோ தோற்றன. தேறியவற்றிலும் 20 சதவீதத்துக்கு மேல் இம்யூனோபிரெசிபிடேஷனில் கைவிட்டன.

ஆகவே வாங்குவதற்கு முன்பே, அனுப்பப்போகும் லாட்டின் எண்ணையும் அந்த லாட்டுக்கே உரிய பெப்டைடு சோதனைப் படத்தையும் எழுத்தில் கேளுங்கள். தட்டிக் கழித்தால் வேறு இடம் பாருங்கள். பக்கத்து செரினில் பாஸ்பேட் ஏறினால் பிடிமானம் குறைகிறதா என்றும் கேளுங்கள். பிரியும் செல்களில் 28ஆவது செரின் அந்த வேலையைச் செய்யும், மீத்தைல் இருந்தும் இல்லாததுபோல் தெரியும். விலங்கின் ரத்தத்திலிருந்து எடுக்காமல் ஒரே மரபணுவிலிருந்து தயாரிக்கும் ரீகாம்பினன்ட் ஆன்டிபாடி லாட்டுக்கு லாட் மாறாது, அந்த நிம்மதி உண்டு. ஆனால் தவறாகப் பிடிப்பது என்றால் அதையும் மாறாமல் செய்யும். பெப்டைடில் தேறியது குரோமாட்டினில் தேறும் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. அடையாளத்துக்கு டிஎன்ஏ பார்கோடு போட்ட நியூக்ளியோசோம்களை (ஹிஸ்டோன்களில் டிஎன்ஏ சுற்றிய உருண்டைகளை) மாதிரியிலேயே கலந்து அளக்கும் முறை இருக்கிறது. வசதி உள்ளவர்கள் அதைச் செய்யலாம்.

திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் குப்பியைச் சோதித்துவிடுங்கள். ஏற்கெனவே தரவு எடுத்து முடித்தவர்கள், நடுவில் லாட் மாறியதா என்று நோட்டைப் புரட்டிப் பாருங்கள். மாறியிருந்தால், ஈஇசட்எச்2ஐத் தடுக்கும் மருந்து கொடுத்த செல்களோடு ஒரு பிளாட் ஓட்டினாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.