கோடு எழுதாமல் ஆப் சோதிக்க: எம்ஐடி ஆப் இன்வென்டர்

பால் கணக்குக்கு ஒரு ஆப் செய்யலாமே என்று ரொம்ப நாள் யோசனை, ஆனால் எனக்குப் புரோகிராம் கோடு எழுத வராது. எம்ஐடி பல்கலைக்கழகத்தின் ஆப் செய்யும் கருவியான ஆப் இன்வென்டர் இலவசம், பிரவுசரிலேயே ஓடும், கட்டளைகள் அடங்கிய பிளாக்குகளை இழுத்து மாட்டினால் போதும். போனில் அதன் துணை ஆப்பான கம்பேனியனைப் போட்டு, கணினித் திரையில் வரும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்துவிட்டால், கணினியில் பட்டன் நிறத்தை மாற்றியதுமே போனிலும் மாறுகிறது, இதற்காகவே கும்பிடலாம்.

இப்படிச் செய்த பால் கணக்கு ஆப்பை அம்மாவிடம் நீட்டினேன். 'அரை லிட்டர்' பட்டனுக்குப் பதிலாகப் பக்கத்திலிருந்த 'அழி'யை அமுக்கிவிட்டார். தப்பு என்னுடையதுதான், இரண்டையும் ஒட்டி வைத்திருந்தேன். அங்கேயே தள்ளி வைத்து மறுபடி கொடுத்தேன், சரியாக அமுக்கினார்.

தோற்றம் சுமார்தான். அப்புறம், ஆப் பெரிதாகப் பெரிதாக பிளாக்குகள் இடியாப்பம் மாதிரி சிக்கிக்கொள்ளும். சின்ன யோசனைகளுக்குத் தாராளமாக எடுக்கலாம்.